பள்ளிக்கூட வாசலில் ஏன் இவ்வளவு அவசரம்

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா,
ஜனவரி 2026

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து கனநாளாகிவிட்டது. அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்து, பேப்பரைத் தானே எடுத்து வாசிக்கிறா என்று எழுதியிருந்தாய். மனதுக்குப் பெரிய ஆறுதல். நான் கேட்டதாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மகளின் மூத்தவள் செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டாள். நாலு வயது. தன்னை விடப் பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் பிடிக்க விடாமல் தானே நடந்து போகிறாள். பனி இந்த முறை வேளைக்கே தொடங்கிவிட்டது. நான் இன்னும் பள்ளிக்கூட பஸ்தான் ஓடுகிறேன். விடச் சொல்லி வீட்டில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் காலையில் அந்தப் பிள்ளைகளின் சத்தம் இல்லாமல் எனக்கு ஒரு நாள் விடியாது.

நீ எழுதிய விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் லொறிகளும் மினி பஸ்களும் போகிற வேகத்தைப் பார்த்து, பழைய மாணவர் சங்கத்தில் வேகத்தடை கேட்டு மனுக் கொடுக்கப் போகிறீர்கள். உன் மகனோ "பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரமும் விடுகிற நேரமும்தானே பிரச்சினை, நாள் முழுக்க எல்லோரும் ஊர்ந்து போக வேண்டுமா" என்று உன்னோடு சண்டை பிடிக்கிறான். மச்சான், இதே சண்டையை இங்கே ஒன்ராறியோ மாகாணமே பிடித்து முடித்திருக்கிறது. முடிந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ரொறன்ரோவில் பாடசாலை வலயங்களில் பெரும்பாலும் மணிக்கு 30 அல்லது 40 கிலோமீற்றர்தான் வேக எல்லை. 2020 ஜூலையிலிருந்து அந்த இடங்களில் கமரா வைத்துத் தண்டம் அனுப்பத் தொடங்கினார்கள். கார் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருக்குத் தபாலில் வரும். ஓடியவர் யார் என்ற கேள்வி இல்லை, லைசென்சில் குற்றப் புள்ளியும் ஏறாது. முதலில் நகரம் முழுக்க 50 கமரா இருந்தது, கடைசியில் 150 வரை போனது. சனத்தின் கோபமும் அதோடு சேர்ந்து வளர்ந்தது. ஹை பார்க் பக்கத்தில் பார்க்சைட் டிரைவ் என்று ஒரு தெரு. 2021இல் அங்கே வேகமாக வந்த கார் மோதி, சிவப்பு விளக்குக்கு நிறுத்தியிருந்த காரில் இருந்த வயதான கணவனும் மனைவியும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு வைத்த கமராவை யாரோ திரும்பத் திரும்ப வெட்டிச் சாய்த்தார்கள். கடைசியில் மாகாண முதல்வர் டக் ஃபோர்ட், இது பாதுகாப்புக்காக அல்ல, சனத்தின் பணத்தைப் பிடுங்கும் வரி என்று சொல்லிச் சட்டம் கொண்டு வந்தார். 2025 நவம்பர் 14 முதல் ஒன்ராறியோ முழுவதும் வேகக் கமரா தடை.

இத்தனைக்கும் அதே ஆண்டு ஜூலையில்தான் சிக்கிட்ஸ் பிள்ளைகள் மருத்துவமனையும் ரொறன்ரோ மெட்ரோபொலிட்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஆய்வு வந்தது. 250 பாடசாலை வலயங்களில் கமரா வைப்பதற்கு முன்னும் வைத்த பிறகும் அளந்து பார்த்திருக்கிறார்கள். வேக எல்லையைத் தாண்டி ஓடுகிறவர்களின் விகிதம் 45 வீதம் குறைந்திருந்தது. மாகாணத்தின் பொலிஸ் தலைவர்களின் சங்கமே கமரா வேண்டும் என்றது. ஒன்றும் எடுபடவில்லை.

சாரதிகள் சொல்வது எல்லாமே பிழை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் ஆட்களே எத்தனை பேர் என்னிடம் வந்து புலம்பியிருக்கிறார்கள். இரவு வேலை முடிந்து விடியப்புறம் இரண்டு மணிக்கு வெறும் றோட்டில் வருகிறவனுக்கு, ஓகஸ்ட் விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும்போது தண்டம் வந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்? கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில் 30 கிலோமீற்றர் என்ற இந்த எல்லை, பள்ளிக்கூடம் நடக்கிற நாட்களில் மட்டும்தான், அதுவும் காலை 8 மணியிலிருந்து மாலை 5 மணி வரை. பலகையைப் பார்த்தால் ஆருக்கும் விளங்கும். இங்கேயும் அப்படிச் செய்திருந்தால் பாதிக் கோபம் அடங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே மாதத்தில் ஒரே கமராவில் நாலைந்து முறை பிடிபட்ட பிறகுதான் முதல் தண்டக் கடிதத்தையே கண்டவர்களும் இருக்கிறார்கள். மாதக் கடைசியில் வாடகைக்கு வைத்திருந்த காசை அதற்குக் கட்டுகிற குடும்பங்களை எனக்குத் தெரியும். அந்த வேதனை உண்மையானது.

ஆனால் நேரம் வீணாகிறது என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நீ கணக்கு வாத்தியார், உனக்கே கணக்காகச் சொல்கிறேன். பாடசாலை வலயம் ஒன்று 500 மீற்றர் நீளம் என்று வை. 50இல் போனால் 36 செக்கன். 30இல் போனால் 60 செக்கன். வித்தியாசம் 24 செக்கன். அடுத்த சிக்னலில் அதை விடக் கூட நேரம் நிற்போம்.

அப்புறம் மற்றப் பக்கத்தைப் பார். பிள்ளை ஒன்று குறுக்கே ஓடி வருகிறது. கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செக்கன் என்று வைத்துக்கொள். 30இல் வருகிற கார், பிரேக் பிடித்து முழுதாக நிற்பதற்குக் காய்ந்த றோட்டில் மொத்தம் 18 மீற்றர் போதும். 50இல் வருகிற கார் அதே 18 மீற்றரைத் தாண்டும்போது சாரதியின் கால் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்காது. 30இல் வந்தவன் நின்றுவிட்ட அதே இடத்தை மற்றவன் முழு 50இல் கடக்கிறான். பனியும் ஐஸும் கிடக்கிற ஜனவரியில் இந்தத் தூரங்கள் எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பார். இதை வகுப்பில் பிள்ளைகளுக்குச் செய்து காட்டு. அவர்களே வீட்டில் போய் அப்பாமாருக்குச் சொல்வார்கள்.

இனி பஸ் விஷயம். இங்கே மஞ்சள் பஸ் பிள்ளைகளை ஏற்றவோ இறக்கவோ நிற்கும்போது, முதலில் செம்மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரியும். பிறகு சிவப்பு. பக்கத்திலிருந்து 'நில்' என்ற பலகை ஒன்று கைபோல வெளியே நீளும். அந்த நேரம் பின்னால் வருகிறவர்கள் 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். எதிரே வருகிறவர்களும் நிற்க வேண்டும். நடுவில் கட்டித் தடுத்த மேடை இருந்தால் மட்டும் எதிர்ப்பக்கம் போகலாம். ஸ்காபரோவில் கன றோட்டுகள் ஐந்து ஒழுங்கை, அதாவது ஐந்து வாகன வரிசை அகலம், நடுவில் வெறும் பெயின்ற் கோடுதான். அப்படியென்றால் ஐந்திலும் வருகிற எல்லா வாகனமும் நிற்க வேண்டும். முதல் தடவை மீறினாலே 400 டொலரிலிருந்து 2000 டொலர் வரை தண்டம், லைசென்சில் 6 புள்ளி. இவ்வளவு கடுமையான சட்டம் இருந்தும், தூரத்து ஒழுங்கையில் வருகிறவர்கள் இது தங்களுக்கில்லை என்று போய்க்கொண்டே இருப்பார்கள். செம்மஞ்சள் விளக்கைக் கண்டதும் மெதுவாக்காமல், சிவப்பு வருமுன் தாண்டிவிட வேகத்தைக் கூட்டுகிறவர்களும் உண்டு. பிள்ளை இறங்கும் கடைசிப் படியில் நிற்கும். நான் கையை நீட்டி, நில் என்று சொல்லி, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும். கார்கள் எல்லாம் நின்றது தெரியும் வரை என் கை இறங்காது.

அந்த ஹோர்ன் அடிக்கிறவர்களில் பலர் தாங்களும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவர்கள்தான். இதுதான் எனக்குப் பெரிய துக்கம். ரொறன்ரோவின் பொதுப் பள்ளிக்கூடங்களில் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைக்கு வீடு 1.6 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால்தான் பஸ். ஆறிலிருந்து எட்டு வரை 3.2 கிலோமீற்றர். அதற்குள் இருக்கிறவர்கள் நடக்கலாம் என்பது கணக்கு. ஆனால் ஐந்து ஒழுங்கை றோட்டைக் கடந்து, பனிக்குள் ஏழு வயதுப் பிள்ளையை ஆர் நடக்க விடுவார்கள்? காரில் ஏற்றுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் கார்கள் இரட்டை வரிசையில் நிற்கும். அந்தக் கார்களுக்கு இடையிலிருந்து பிள்ளைகள் வெளியே வருவார்கள். நடந்து வருகிற பிள்ளைக்கு அந்த இடம் இன்னும் ஆபத்தாகிறது. அடுத்த நாள் அந்தப் பிள்ளையின் தாயும் காரை எடுக்கிறாள்.

பஸ் தகுதி இருக்கிறவர்களுக்கும் பஸ் ஒழுங்காக வருவதில்லை. சாரதிமார் போதாது. காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மூன்று மணித்தியாலம், நடுவில் கிடக்கிற நேரத்துக்குப் பல இடங்களில் சம்பளம் இல்லை. ஜூலை, ஓகஸ்டில் வேலையே இல்லை. எழுபது பிள்ளைகளின் உயிரைக் கையில் கொடுத்துவிட்டு, இளம் குடும்பக்காரன் ஒருவன் வாழ முடியாத சம்பளத்தைக் கொடுத்தால் யார் வருவார்கள்? அதனால்தான் என்னைப்போல ஓய்வெடுக்கிற வயதுக்காரரே அதிகம். ஒருவர் சுகமில்லாமல் நின்றால், இன்னொருவர் தன் பாதையை முடித்துவிட்டு அவருடையதையும் ஓட வேண்டும். பிள்ளைகள் குளிரில் முக்கால் மணித்தியாலம் நிற்பார்கள். இப்படி நாலு தடவை நடந்தால் அந்த வீட்டிலும் காரை எடுத்துவிடுவார்கள். வேக எல்லையைப் பற்றி இவ்வளவு சத்தம் போட்ட சனம், இந்த பஸ்ஸுக்காக அதில் கால்வாசி சத்தம் போட்டிருந்தால் வாசலில் நெரிசலே பாதியாகியிருக்கும். ஒரு பஸ் வராவிட்டால் நாற்பது ஐம்பது கார்கள் வரும். அதைத் தினமும் கண்ணால் காண்கிறேன்.

கமராவை எடுத்ததற்குப் பதிலாக மாகாண அரசு 210 மில்லியன் டொலர் நிதி ஒதுக்கி, வேகத்தடை, உயர்த்திய கடவை, சுற்றுவட்டம், பெரிய பலகை போடச் சொல்லியிருக்கிறது. இதில் நல்லதும் உண்டு, மறைக்கக் கூடாது. றோட்டை விமான ஓடுபாதை மாதிரி அகலமாகவும் நேராகவும் போட்டுவிட்டு, ஓரத்தில் 40 என்று ஒரு பலகையை நட்டால் மனிதனின் கால் பலகையைக் கேட்காது, றோட்டைத்தான் கேட்கும். றோட்டை மாற்றினால் இரவு இரண்டு மணிக்காரனுக்கும் தண்டம் இல்லை, பிள்ளைக்கும் ஆபத்து இல்லை. ஆனால் ஸ்காபரோவின் பெரிய றோட்டுகளில் பஸ்ஸும் தீயணைப்பு வண்டியும் அம்புலன்சும் ஓட வேண்டும். அங்கெல்லாம் நினைத்த மாதிரி வேகத்தடை போட முடியாது. அங்கேதான் கமரா தேவைப்பட்டது. றோட்டை மாற்றி முடித்த பிறகு கமராவைக் கழற்றியிருக்கலாம். இவர்கள் முதலில் கழற்றிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு என்ன பதில்? என் பேத்தியும் அவர்களில் ஒருத்தி. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மச்சான்.

இப்போது உங்கள் மனுவைப் பற்றி. வேகத்தடை என்று மட்டும் எழுதாதீர்கள். மஞ்சள் கடவையையே தட்டையாக உயர்த்திக் கட்டித் தரும்படி கேளுங்கள். பிள்ளை நடக்கிற இடம் உயரமாக இருக்கும், சாரதிக்குத் தூரத்திலேயே தெரியும், வாகனமும் தானாகவே மெதுவாகும். சும்மா மேடு கட்டினால் மோட்டார் சைக்கிள்காரர் ஓரத்தால் வெட்டிக்கொண்டு போவார்கள், அந்த ஓரத்தில்தான் பிள்ளைகள் நடப்பார்கள். கடவைக்கு இரண்டு பக்கமும் வாகனம் நிறுத்த விடாமல் கொஞ்சத் தூரம் விடச் சொல்லுங்கள். நிற்கிற வானுக்கு முன்னால் இருந்து வருகிற சின்னப் பிள்ளை எந்தச் சாரதிக்கும் தெரியாது. நீ சொன்ன அந்த றோட்டு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழா, பிரதேச சபையின் கீழா என்று முதலில் வடிவாகக் கேட்டுப் பார், இல்லாவிட்டால் மனு மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கும். அதோடு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்று ஓடுகிற சிசு செரிய பஸ் அந்தப் பக்கம் வருகிறதா என்றும் எழுது. வராவிட்டால் அதையும் மனுவில் சேர்த்துவிடுங்கள்.

உன் மகனோடு சண்டை பிடிக்காதே. அவன் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பள்ளிக்கூட நேரத்துக்கு மட்டும் வேக எல்லை என்று பலகையில் தெளிவாகப் போடுவதை நீங்களும் கேட்கலாம். ஒரு நாள் காலை பள்ளிக்கூடம் தொடங்குகிற நேரம் அவனையும் கடவைக்குக் கூட்டிக்கொண்டு போய் நில். அவனே மனுவில் முதல் கையெழுத்துப் போடுவான் என்று எனக்குப் படுகிறது.

மனுவின் நகலை வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு. பார்த்து ஏதாவது சேர்க்க இருந்தால் உடனே சொல்கிறேன். இங்கே இருக்கிற எங்கள் வகுப்பு ஆட்களிடமும் கதைத்திருக்கிறேன். கடவைக்குப் பெயின்ற், பலகை என்று செலவு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அம்மாவுக்கும் வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

உன் பழைய வாங்குத் தோழன்