வாய்க்கால் வெட்டியவர்களுக்கும் கடைசியில் நடந்தவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

மலைக்காட்டுத் தேசியப் பூங்காக்களில் நடைபாதைகளைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் வணக்கம்.

குழந்தை குட்டிகளோடு காட்டுப் பாதையில் நடக்கும் குடும்பங்கள் சார்பில் இந்த மடல். கூடவே வரும் வழிகாட்டிக்கும், தகவல் மையத்தில் வரைபடம் கொடுப்பவருக்கும் நன்றி நேரிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது. கண்ணில் படாமல் வேலை செய்தவர்களுக்குத்தான் போவதில்லை. அதனால் அவர்களிடமிருந்து தொடங்குகிறோம்.

முதல் நன்றி, பாதையில் இறங்கிய மழைத்தண்ணீரைத் திருப்பிவிட்டவர்களுக்கு. மலைப்பாதையைக் காலடிகளைவிடத் தண்ணீர்தான் அதிகம் கெடுக்கிறது. பாதையே வாய்க்காலாகிவிட்டால் மண் முழுக்க அடித்துக்கொண்டு போய், கல்லும் வேரும் மட்டும் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். பெரியவர் அதை ஓர் எட்டில் தாண்டிவிடுவார். ஐந்து வயதுப் பிள்ளை அதில் கையூன்றித்தான் ஏற வேண்டும். நூறு தடவை கையூன்றி ஏறிய பிள்ளை அடுத்த முறை மலை என்றாலே வர மாட்டேன் என்று சொல்லிவிடும்.

இதைத் தடுக்க நீங்கள் செய்வது நடக்கிறவர் கண்ணுக்கே தெரியாது. ஒரு மீட்டர் அகலப் பாதையில் பள்ளத்துப் பக்கம் 5 செ.மீ. தாழ்த்தி மண்ணைச் சீவிவிடுகிறீர்கள். காலுக்கு அது சமதளம்தான், ஆனால் தண்ணீர் ஓரமாக வழிந்து போய்விடும். அந்தச் சரிவு போதாத இடங்களில் குறுக்கே கல்வரிசை. அதை நேர்குறுக்காகப் போட்டால் தண்ணீர் முட்டி நின்று வண்டலைக் கக்கிவிடும். ஒரே மழையில் கல் மூடிப்போகும். சுமார் 45 பாகை சாய்த்துப் போட்டால், ஓடுகிற தண்ணீரே வண்டலையும் தள்ளிக்கொண்டு வெளியேறும். கற்களை ஓடு வேய்வதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்படி அடுக்கி, பாதிக்கு மேல் மண்ணுக்குள் இறக்கியிருப்பீர்கள். மேலாக வைத்த கல் ஆடும். ஆடுகிற கல்லில்தான் சின்னக் கணுக்கால் பிசகும்.

இத்தனை உழைப்பையும் வீணாக்க இரண்டு கைப்பிடி சருகு போதும். கல்வரிசை முடிகிற வாயில் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கல்லைத் தாண்டிக் குதித்து மறுபடி பாதையிலேயே ஓடும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மண்வெட்டியோடு வந்து, ஒவ்வொரு வாயாகச் சகதியை வாரிப் பள்ளத்துப் பக்கம் கொட்டிப் போகிறவர்களே, பிள்ளைகளின் முழங்கால்கள் உங்களுக்குக் கடன்பட்டிருக்கின்றன. பெற்றோருக்கு இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு: பாதை நடுவே சேறு நின்றால் ஓரமாகச் சுற்றிப் போகாமல் சேற்றிலேயே நடத்திக் கூட்டிப்போவது. ஆளாளுக்கு ஓரத்தை மிதித்தால் ஒற்றையடிப் பாதை வண்டிப்பாதையாக அகன்றுவிடும். சேற்றில் இறங்கச் சொன்னால் மறுக்கிற குழந்தை உலகத்தில் உண்டா என்ன?

கொண்டை ஊசி வளைவுகளில் குறுக்குவழியை முள்ளும் பட்ட கிளையும் போட்டு அடைத்தவர்களுக்கும் நன்றி. இறங்கும்போது அந்தக் குறுக்குவழியைப் பார்த்ததும் ஓடத் தோன்றுவது குழந்தை இயல்பு. செங்குத்தாக மிதிபட்ட அந்தத் தடம் அடுத்த மழைக்கு ஓடையாகிவிடும். அதைவிட மோசம், அதில் உருளும் கல் கீழ் வளைவில் வருகிறவர் தலையில் வந்து விழும்.

புதர் வெட்டியவர்களில் தண்டைத் தரையோடு தரையாக அறுத்தவர்களுக்குத் தனி நன்றி. நின்றவாக்கில் அரிவாளை வீசிச் சாய்வாக வெட்டினால் ஒரு முழ உயரத்துக்கு ஈட்டி முனை மிஞ்சும். பெரியவருக்கு அது கெண்டைக்காலில் கீறல். தடுக்கி விழும் குழந்தைக்கு அது முகத்துக்கு நேரே நிற்கும். குனிந்து உட்கார்ந்து அறுப்பது இடுப்பை ஒடிக்கும் வேலை என்பது எங்களுக்குத் தெரியும்.

பலகை எழுதியவர்களுக்கு வருவோம். தூரத்தோடு ஏற்றத்தையும் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பலகை. '4 கி.மீ.' என்று மட்டும் இருந்தால் குடும்பத்துக்கு அதனால் பயனில்லை. மணிக்கு 5 கி.மீ. நடை, அதோடு ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் என்பது பழைய கணக்கு. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் மைல், அடி அளவில் சொன்னதன் இன்றைய வடிவம் அது. இதன்படி 300 மீட்டர் ஏற்றமுள்ள 4 கி.மீ. பாதைக்கு 78 நிமிடம் ஆகும். ஓய்வையும் வேடிக்கையையும் சேர்க்காத, நல்ல உடற்கட்டுள்ள பெரியவரின் கணக்கு இது. சிறு பிள்ளை வந்தால் இதை இரண்டால் பெருக்குங்கள். மரவட்டையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுகிற பிள்ளையானால் மூன்றால் பெருக்குங்கள். இறக்கத்தில் நேரம் மிச்சமாகும் என்று நம்பவே கூடாது. களைத்த கால் இறக்கத்தில்தான் வழுக்கும்.

அதனால்தான், நேரம் கடந்துவிட்டது என்று நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பும் வனக்காவலர்களுக்கும் இந்த மடலில் இடம் உண்டு. உங்களிடம் சண்டை போடுகிறவர்கள் அநேகமாகத் தூரத்தை மட்டும் பார்த்தவர்கள். மரங்கள் கூரைபோல் மூடிய காட்டுக்குள் வெளியைவிடச் சீக்கிரம் இருட்டும். மேலே போகப் போக, சராசரியாக 100 மீட்டருக்கு 0.65 டிகிரி செல்சியஸ் வீதம் குளிரும் கூடும். எந்த மணிக்குத் திரும்புவது என்பதைக் கிளம்புமுன் முடிவு செய்துகொண்டு, உச்சி கண்ணெதிரே இருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும்.

வரிசையின் கடைசியில் நடந்தவர்களே, உங்கள் வேலையின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விட்டு, அதன் வேகத்தையே எல்லோருக்கும் வேகமாக்கி, பாதைப் பிரிவு வரும் இடமெல்லாம் கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லோரையும் நிறுத்திவைத்தீர்கள். பிள்ளைகள் தொலைவது பெரும்பாலும் பிரிவுகளிலும், ஒதுங்கப் போன இடங்களிலும்தான். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு விசில் மாட்டி, தனியாகிவிட்டால் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து மூன்று மூன்றாக ஊதச் சொல்லிக் கொடுத்தீர்கள். தேடுகிறவர்களுக்கு, நடந்துகொண்டே இருக்கும் குழந்தையைவிட உட்கார்ந்திருக்கும் குழந்தை எளிதில் கிடைக்கும்.

முதுகுச் சுமப்பானில் கைக்குழந்தையைத் தூக்கி வருகிறவர்களை நிறுத்தி, "பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்" என்று சொல்கிறவர்களுக்கு எப்படி நன்றி சொல்ல! சுமக்கிறவருக்கு வியர்த்துக் கொட்டும். குழந்தையோ அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் உடம்பு உங்கள் அளவுக்குச் சூடு உண்டாக்குவதில்லை. உங்களுக்குப் புழுக்கமாக இருக்கும்போதே அதன் விரல்கள் சில்லிட்டிருக்கலாம். கால் தொங்கிக்கொண்டே இருந்தால் தொடையில் பட்டை அழுத்தி மரத்தும் போகும். மணிக்கு ஒரு முறையாவது இறக்கி, காலை உதறவிட வேண்டும். தாழ்ந்த கிளை வந்தால் இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டும் என்று செய்து காட்டியவர்களும் நீங்கள்தான். இடுப்பை வளைத்தால் குழந்தை உங்கள் தலைக்கு மேலாக முன்னால் சரியும். அதன் தலை உங்கள் தலைக்கு மேலே இருப்பதையும் மறக்கக் கூடாது.

அட்டை ஒட்டியதும் அலறும் பெற்றோரை அமைதிப்படுத்தி, உப்பும் நெருப்பும் வேண்டாம் என்று தடுத்தவர்களுக்கும் நன்றி. அப்படித் துன்புறுத்தினால் அது குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைதான் வாய். அதனடியில் நகத்தைத் தோலோடு ஒட்டிச் செலுத்தி முதலில் வாயை விடுவித்து, பிறகு பருத்த முனையை நெம்ப வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் சுரந்திருக்கும் என்பதால் கொஞ்ச நேரம் வழியத்தான் செய்யும். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

ஓடை கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று சொல்லி, கணுக்கால் அளவு தண்ணீரிலேயே குடும்பங்களைத் திருப்பி அனுப்பியவர்களுக்கும் ஒரு கும்பிடு. உங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பிய பிள்ளைகள் வழியெல்லாம் முணுமுணுத்திருப்பார்கள். அவர்கள் சார்பில் மன்னிப்பும் இதிலேயே.

மழை ஓய்ந்ததும் கல்வரிசைகளின் வாயைத் தூர்வார ஆள் தேவைப்படும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு குடும்பங்கள் வரத் தயார். நாள் மட்டும் சொல்லியனுப்புங்கள். கையுறையும் மண்வெட்டியும் நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
குழந்தைகளோடு மலையில் நடப்பவர்கள்