ஃபான் ஓடத் தொடங்கினால் இஞ்சின் ஏன் நிற்கிறது

பிள்ளை,

நேற்று இரவு நீ போனை வைத்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அழுததை மறைக்க இருமினாய், அது எனக்குத் தெரியாதா? போனில் கதைத்தால் "ஓம் அப்பா, சரி அப்பா" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாய் என்றுதான் இதை எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. எழுத்துப் பிழை இருந்தால் அம்மாவுக்குக் காட்டாதே, ரீச்சர் சிவப்புப் பேனையோடு வந்துவிடுவா.

நான் விளங்கிக்கொண்டது சரியா என்று பார். பழைய மாருதி 800 இஞ்சின், மூன்று சிலிண்டர், 796 சிசி. கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு, பெற்றோலைப் பீச்சுகிற இஞ்செக்டர் பூட்டி, அதை ஓட்டுகிற கம்பியூட்டர் போர்டை நீயும் உன் கூட்டமும் சேர்ந்து செய்திருக்கிறீர்கள். ஸ்டார்ட் வருகிறது, நாலைந்து நிமிடம் வடிவாக ஓடுகிறது, தண்ணீர் சூடாகி ரேடியேட்டர் ஃபான் சுற்றத் தொடங்கியதும் போர்ட் ஒருதரம் அணைந்து எழும்புகிறது, இஞ்சின் நின்றுவிடுகிறது. மூன்றாம் தரம் போர்டில் ஏதோ கருகி மணத்தது. புரோகிராமில்தான் பிழை என்று உங்கள் கூட்டத்தில் ஒருத்தன் சொல்ல, அதை எழுதியவள் நீ என்பதால் எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் அந்த ஃபானை உன் போர்ட் ஓட்டவில்லை, ரேடியேட்டரில் இருக்கிற பழைய சுவிட்ச்தான் ஓட்டுகிறது என்று நீயே சொன்னாய். அப்படியென்றால் ஃபான் சுற்றுகிறதா இல்லையா என்பது உன் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றுக்கு அது ஏன் பயப்பட வேண்டும்? முதலில் ஏர்த்தை, அதாவது கரண்ட் பற்றரிக்குத் திரும்பிப் போகிற வழியைப் பார். இஞ்சின் புளொக்கில் இருந்து பற்றரியின் நெகற்றிவுக்குப் போகிற வயரின் நுனியைக் கழற்று, கறளையும் பெயின்றையும் வெள்ளை இரும்பு தெரியுமட்டும் சுரண்டு, பிறகு இறுக்கு. நீங்கள் சென்சர்களின் ஏர்த்தையும் ஃபானின் ஏர்த்தையும் ஒரே போல்ட்டில் சேர்த்து முறுக்கியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன், படத்தில் பார்த்தேன், ஒரு போல்ட்டில் ஆறு வயர் தேன்கூடு மாதிரித் தொங்குகிறது.

நீ படித்த கணக்குத்தான். ஃபான் பத்து அம்பியர் இழுக்கிறது என்று வை, கறள் பிடித்த அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தால் அங்கேயே ஒரு வோல்ட் நின்றுவிடும். உன் சென்சர்கள் சைபருக்கும் ஐந்துக்கும் இடையில் பேசுகிறவை. சைபரே ஒரு வோல்ட் மேலே ஏறி நின்றால் அவை சொல்வதை யார் நம்புவது? ஃபான் கிளம்புகிற அந்தக் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும், அதையும் சேர்த்துக்கொள்.

கருகினது வேறு கதை. ஃபானோ ரிலேயோ நிற்கிறபோது திருப்பி ஒரு அடி அடிக்கும், அது 12 வோல்ட் இல்லை, அதற்கு எத்தனையோ மேலே. அதைத் தாங்க போர்டின் வாசலில் டிவிஎஸ் டயோட் என்று ஒன்று போட வேண்டுமாம், டிவிஎஸ் என்றால் எங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான் என்று நான் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அதை விட்டுவிட்டீர்கள், காசு மிச்சம் பிடிக்க. ஐந்து வோல்ட் கொடுக்கவும் மலிவான 7805 ரெகுலேற்றர் ஒன்றைப் போட்டிருக்கிறீர்கள். அதற்கு உள்ளே ஏழு வோல்ட் அளவாவது வர வேண்டும். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது கிழட்டுப் பற்றரி எங்கே போய் நிற்கும் என்று மீற்றர் வைத்துப் பார். வாகனத்துக்கென்று செய்த எல்எம்2940 போன்றதைப் போட்டிருந்தால் இந்தத் தொல்லையில் பாதி இருந்திருக்காது.

விலை குறைவாகச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் உனக்கும் சண்டையே இல்லை. கராஜுக்கு வருகிற ஜப்பான் கார்களில் கம்பியூட்டர் பெட்டி செத்தால் பழையதுக்கே அவர்கள் கேட்கிற விலை, அதைப் போட்டால் திறப்போடு ஒத்துப்போகாமல் இன்னொரு செலவு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவோ மாற்றவோ விடாத ஒரு பெட்டிக்காக முழுக் காரையும் பாகம் பாகமாக விற்ற ஆள் இங்கே பக்கத்து ஒழுங்கையிலேயே இருக்கிறார். மெகாஸ்குவர்ட் என்ற இஞ்சின் கம்பியூட்டரை அமெரிக்காவில் இரண்டு பேர் 2000களின் தொடக்கத்திலேயே கையால் சோல்டர் பண்ணுகிற கிட்டாகக் கொடுத்தார்கள், ஸ்பீடுயினோ என்ற இன்னொன்று உன்னுடையதைப் போலவே ஆர்டுயினோ மெகா என்கிற சின்னப் போர்டில் ஓடுகிறது, அதன் புரோகிராம் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது என்று நீ சொன்னபோது எனக்கு ஒரே சந்தோசம். ஆனால் எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பெட்டியில் பிடி, டிஸ்பிளேயில் பிடி. 12 ஓமுக்கு மேலே உள்ள இஞ்செக்டர் எடுத்தால் அதை ஓட்டுகிற சர்க்கிட்டிலும் பிடிக்கலாம். கனெக்டரிலும் ஏர்த்திலும் காவல் டயோட்டிலும் பிடிக்காதே. வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சரை வேண்டாம் என்று வாக்கெடுத்தீர்களாம், அதற்கு வேண்டிய காசை நான் அனுப்புகிறேன். சாதாரண ஒட்சிசன் சென்சர், ஒரு பங்கு பெற்றோலுக்குக் காற்று 14.7 பங்குக்கு மேலேயா கீழேயா என்று மட்டும்தான் சொல்லும். முழு இழுவையில் பன்னிரண்டரை, பதின்மூன்றில் நிற்க வேண்டிய இஞ்சின் உண்மையில் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது.

கராஜ் தட்டில் ஆணி போட்டு வைத்திருக்கிற பிஸ்டன் உனக்குத் தெரியும்தானே, நடுவில் சுண்டுவிரல் போகிற அளவு ஓட்டையோடு, ஓட்டையின் விளிம்பு உருகின மெழுகு மாதிரி உள்ளே வழிந்து. சின்ன வயதில் அதைக் கண்ணில் வைத்து என்னைப் பார்ப்பாய். அது எப்படி வந்தது என்று நான் சொன்னதில்லை. 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போன காலம், நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பெரியப்பாவின் கராஜில் எடுபிடி மாதிரி நிற்கிறேன், சம்பளம் இல்லை, சாப்பாடு மட்டும். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்கள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. குளிர்ந்த இஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது, அது ஆவியாக மாட்டாது. ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோலை விட்டு, குழாயைக் கார்பரேட்டருக்குக் கொடுத்து, ஸ்டார்ட் வந்து இஞ்சின் நன்றாகச் சூடேறின பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கொஞ்சம் முந்தினால் வெள்ளைப் புகையோடு நின்றுவிடும், கொஞ்சம் பிந்தினால் தங்கம் மாதிரி வைத்திருந்த பெற்றோல் போய்விடும். பெரியப்பா ரேடியேட்டரில் உள்ளங்கையை வைத்து, "இப்ப மாத்தடா" என்பார். மீற்றர் ஒன்றும் இல்லை.

மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு, அதாவது நேரத்துக்கு முந்தித் தானாகப் பற்றிக்கொள்ளும், ஏற்றத்தில் இழுக்கும்போது உள்ளே கல்லுத் தட்டுகிற மாதிரிச் சத்தம் வரும். பொறி விழுகிற நேரத்தை வைக்கிற டிஸ்ரிபியூட்டரைப் பின்னுக்குத் திருப்பி அந்தச் சத்தம் நிற்கிற இடத்தில் இறுக்க வேண்டும். ஒருநாள் பெரியப்பா இல்லாத நேரம் நான் எனக்குத் தெரியும் என்று ஒரு கேம்பிரிட்ஜின் டிஸ்ரிபியூட்டரைத் திருப்பி இறுக்கிக் கொடுத்தேன், வண்டி பாய்ந்துகொண்டு போனது, நாலாம் நாள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த பிஸ்டன்தான் இது. காதால் கேட்டும் நான் பிழைவிட்டேன். நீங்கள் கேட்காமலே ஓட்டப் பார்க்கிறீர்கள்.

போன பொங்கலுக்கு வந்து நின்றபோது கோலத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து தாளில் போட்டுக் காட்டினாயே, 6000 ஆர்பிஎம்மில் ஒரு பாகை திரும்ப 27.8 மைக்ரோ செக்கன்தான், 16 மெகாஹேர்ட்ஸ் சிப் அதற்குள் 444 தரம் துடிக்கும் என்று. அம்மா பொங்கல் பொங்குது என்று கத்துகிறா, நான் உன் தாளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நாங்கள் கையால் திருப்பினதை நீ புரோகிராமில் பதினாறுக்குப் பதினாறு கட்டம் போட்ட அட்டவணையில், 256 இடத்தில், தனித்தனியாகத் திருப்புகிறாய். அப்படிச் செய்யத் தெரிந்த பிள்ளை ஒரு கறள் போல்ட்டுக்காக அழுதால் எப்படி, குஞ்சு?

இன்னும் ஒன்று, இதில் நான் கண்டிப்பு. பெற்றோல் பம்பை நேரே திறப்பில் கொடுக்காதே. இஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்தின் பல்லைப் பார்த்துச் சொல்கிற கிராங்க் சென்சரில் இருந்து துடிப்பு வருவது நின்றால் உன் போர்ட் பம்பை நிறுத்த வேண்டும், திறப்புப் போட்டதும் இரண்டு செக்கன் ஓடி அழுத்தம் ஏற்றினால் போதும். யாரோ நேரே கொடுத்த வான் ஒன்று குழாய் கழன்று இஞ்சின் நின்ற பிறகும் பெற்றோலைப் பீச்சிக்கொண்டு கராஜ் வாசலில் நின்றதை நான் கண்டிருக்கிறேன், அன்றைக்கு ஒரு சிகரெட் இருந்திருந்தால் கராஜும் இல்லை நானும் இல்லை. பொறி கொடுக்கிற கொயிலும் அப்படித்தான், இஞ்சின் நிற்கும்போது கரண்டோடு விட்டால் சுட்டுப்போகும். அதையும் புரோகிராமில் பார், அது உன் வேலை.

இன்றைக்கு இரவு பஸ்ஸில் பார்சல் போட்டிருக்கிறேன். இஞ்செக்டர் கனெக்டர் நாலு வயரோடு வெட்டினது, தடித்த ஏர்த் வயர் இரண்டு, கிரிம்ப் பண்ணுகிற என்னுடைய நல்ல குறடு (திருப்பித் தர வேண்டும்). அம்மா பருத்தித்துறை வடையும் பனங்கட்டியும் வைத்திருக்கிறா, கூட்டத்துக்கும் கொடு, உன்னைப் பார்த்தவனுக்கும் கொடு. பேராதனைச் சந்தியில் விடிய நாலரைக்கு இறக்குவார்களாம், தனியாகப் போகாதே.

புதுப் போர்டைப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். மல்ற்றிமீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவில் வை, சிவப்பை இஞ்சின் புளொக்கில் வை, ஃபானுக்கு நேரே கரண்ட் கொடுத்து ஓடவிடு. ஓடத் தொடங்குகிறபோது எவ்வளவு காட்டுகிறது, ஓடும்போது எவ்வளவு என்று இரண்டையும் எழுதி அனுப்பு. நான் கராஜில்தான் இருப்பேன், எத்தனை மணி என்றாலும் எடு.

அப்பா