இறக்கை வேலை தொடங்கிவிட்டது

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

நான் கட்டிக்கொண்டிருக்கும் விமானம் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். வால் பகுதி முடிந்தது. இப்போது இறக்கைக்குள் வரும் ரிப்களை, அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை, அடித்துக்கொண்டிருக்கிறேன். பாகங்கள் துளை போட்டுத் தயாராக வரும் கிட்டை வாங்கியிருக்கலாமே என்கிறாய். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் நான் ஏறிப் பறக்கப்போகிற விமானத்தில் ஒவ்வொரு மடிப்பும் எப்படி வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரிப்புக்கு 6061-டி6 என்ற ரக அலுமினியம், 0.025 அங்குலத் தகடு. மில்லிமீட்டரில் 0.6-க்குக் கொஞ்சம் மேல். ரிப் வடிவத்தில் வெட்டிய இரண்டு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகளுக்கு நடுவே தகட்டை இறுக்கி, வெளியே நீட்டும் ஓரத்தை மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும். பலகையின் முனை கூராக இருந்தால் மடிப்பில் விரிசல் விழும். அதனால் சுமார் 3 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்டேன். மடக்கிய தகடு சற்றுத் திரும்பி எழும் என்பதால் பலகையின் பக்கத்தையும் சில டிகிரி உள்ளே சாய்த்துச் சீவியிருக்கிறேன். 90-ஐத் தாண்டி மடக்கினால்தான் அது 90-இல் வந்து நிற்கும்.

வளைவான ஓரத்தில்தான் விஷயமே இருக்கிறது. மடக்கும்போது அந்த ஓரம் நீளத்தில் சுருங்க வேண்டும். உலோகம் எங்கே போகும்? மிஞ்சியது மொத்த ரிப்பையும் வில்லாக வளைத்துவிடுகிறது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி வராத இடங்களாகப் பார்த்து, ஃப்ளூட்டிங் பிளையரால் சின்னச் சின்னச் சுருக்கம் வைத்துக்கொண்டே வந்தால் ரிப் மேசையில் தட்டையாகப் படிந்துவிடும். இவ்வளவு திருப்தி தரும் வேலை எனக்கு வேறு வாய்த்ததில்லை.

வெட்டிய விளிம்பில் பிசிறு இருக்கவே கூடாது. அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. அதிர்வில் விரிசல் தொடங்குவது இப்படிப்பட்ட சிறு கீறலில்தான். இதே காரணத்தால் தகட்டில் ஊசியால் கோடு கிழிப்பதில்லை. மெல்லிய மார்க்கர் பேனாதான்.

அப்புறம், அடுத்தது ரிவெட் வேலை. நான் ரிவெட் துப்பாக்கியால் அடிக்கும்போது மறுபக்கம் பக்கிங் பார், அதாவது முட்டுக்கொடுக்கும் உலோகக் கட்டை, பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அடிக்கும்போது மறுபக்கம் நசுங்கி உருவாகும் தலை, ரிவெட்டின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு அகலமும் பாதி உயரமும் இருக்க வேண்டும். பிடிப்பவரின் கை நிதானத்தைப் பொறுத்தது அது. உன் கையை நம்புகிறேன். விடுமுறை எப்போது என்று எழுது, அதுவரை இறக்கையின் நீளவாக்கு உத்தரமான ஸ்பாரைத் தயார் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்