மொட்டை மாடிக் கதவைத் திறந்து விடுங்கள்: எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

லிஃப்ட் அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். மொட்டை மாடியில் இனி உணவுப் பொருள் எதுவும் காயப் போடக் கூடாது, கதவு பூட்டியே இருக்கும், பழுது பார்க்க வருபவர்களுக்கு மட்டும் சாவி தரப்படும் என்கிறது அது. அதற்கு முன் நடந்த கூட்டமும், வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதமும் உங்களுக்கே தெரியும். அவற்றைத் திரும்பக் கிளறப் போவதில்லை. ஆனால் பூட்டுப் போட்ட அன்று மாடியில் என்ன காய்ந்துகொண்டிருந்தது, அது என்ன ஆனது என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

மூன்றாம் தளத்து அம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தனியாக இருக்கிறார், வாடகை வீடு. பங்குனியில் தக்காளி விலை விழுந்ததும் நாங்கள் சிலர் சேர்ந்து கோயம்பேட்டிலிருந்து பெட்டியாக எடுத்து வந்து பிரித்துக்கொள்வோம். அதில் அவர் பங்கு எப்போதும் பெரியது. வெளியூரில் இருக்கும் மகளுக்கும், இந்தக் கட்டடத்தில் கேட்கிறவர்களுக்கும் தக்காளி வற்றலும் பொடியும் அவர்தான் செய்து தருகிறார். அந்தப் பொடியில் ரசம் வைத்துச் சாப்பிட்ட வீடுகள் நிர்வாகக் குழுவிலும் இருக்கின்றன.

அவர் செய்கிற முறையை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். வற்றலுக்கு நாட்டுத் தக்காளி எடுக்க மாட்டார். அதில் சாறும் விதையும் அதிகம், தொக்குக்குத்தான் சரி. சதைப்பற்றுள்ள பெங்களூர்த் தக்காளியாகப் பொறுக்குவார். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து, காம்பு இருந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு, கனம் ஒரே மாதிரி இருக்கும்படி வில்லை போடுவார். கனம் மாறினால் ஒன்று காய்ந்து கருகும்போது இன்னொன்று உள்ளே ஈரமாகவே நிற்கும் என்பார். கல் உப்பைப் பொடித்துத் தூவி, சாய்வாக வைத்த வடிதட்டில் பரப்பி, மேலே கொசுவலைத் துணியைக் கட்டுவார். முதல் நாள் முழுக்க நீர் வடியும். மதியம் ஒவ்வொரு வில்லையாகத் திருப்பிப் போடுவார். பிற்பகலில் கடற்காற்று ஏறி ஈரம் திரும்புவதற்குள் தட்டுகளை உள்ளே எடுத்துவிடுவார். இரண்டாம் நாள் ஓரம் சுருளும். அதற்குப் பிறகும் வெயில் கேட்கும். கையில் எடுத்தால் அப்பளம்போல ஒடிய வேண்டும், அதுதான் பதம். தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். பதினைந்து கிலோ பெட்டி காய்ந்து முடித்தால் ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். அத்தனை வேலை அந்த ஒரு கிலோவுக்கு.

நீங்கள் பூட்டிய அன்று அவருடைய தட்டுகள் இரண்டாம் நாளில் இருந்தன. பூட்டப் போகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவர் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் தட்டுகளை எடுத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சாக்கில் கொட்டி, ஜெனரேட்டர் அறை ஓரமாக வைத்துவிட்டார்கள். காவலாளியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குச் சொன்னதை அவர் செய்தார்.

பாதி காய்ந்த தக்காளி முழுத் தக்காளியைவிடச் சீக்கிரம் கெடும். முழுப் பழத்துக்குத் தோல் என்று ஒரு காவல் உண்டு. இது வெட்டுப்பட்டது, உப்பில் சாறு வெளியே வந்தது, உள்ளே இன்னும் ஈரம். அதைச் சூட்டோடு காற்றுப் புகாத சாக்கில் கட்டினால் ஒரே இரவு போதும். மறுநாள் காலை சாக்கைப் பிரித்தபோது நானும் உடன் இருந்தேன். சாக்கின் உள்பக்கம் வேர்த்திருந்தது. புளித்த வாடை. வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பூஞ்சை பிடித்ததைக் கழுவிக் காயவைத்தும் சாப்பிடக் கூடாது. அத்தனையும் குப்பைக்குப் போனது. "காசு போனாப் போகுதும்மா. கதவைத் திறந்து விட்டாங்கன்னா அக்னி நட்சத்திரத்துக்குள்ள இன்னொரு பெட்டி போட்டுக்கலாம்" என்றார் அந்த அம்மா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

ஆகவே என் கோரிக்கை ஒன்றே ஒன்று. தினமும் காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை மொட்டை மாடிக் கதவைத் திறந்து விடுங்கள்.

"எல்லா வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அதில் வைக்க வேண்டியதுதானே?" என்று கூட்டத்தில் கேட்டீர்கள். வைக்கிறோம், எதற்கு எவ்வளவு என்று தெரிந்துதான் வைக்கிறோம். பழுக்காத தக்காளியை ஃப்ரிட்ஜில் வைத்தால் அது ஒழுங்காகப் பழுக்காது, வெளியே எடுத்த பிறகும் பழைய சுவை வராது. புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 5 டிகிரி குளிரில் ஒரு வாரம் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருள்கள் வெகுவாகக் குறைந்தன. மீண்டும் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்தும் அவை மீளவில்லை. நன்றாகப் பழுத்த பழம் வேறு கதை. சென்னையின் சித்திரை வெயிலில் அதை வெளியே விட்டால் மறுநாளே கசியத் தொடங்கும், அதனால் அது ஃப்ரிட்ஜுக்குத்தான் போக வேண்டும், சில நாளில் தீர்த்துவிடவும் வேண்டும். செங்காயாக இருப்பதை வெளியே, வெயில் படாத இடத்தில், காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தாமல் பரப்பி வைக்கிறோம். பழத்தின் ஈரம் பெரும்பாலும் அந்தக் காம்புத் தழும்பு வழியாகத்தான் போகிறது. இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்தாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். ஒரு பெட்டித் தக்காளியை ஆடி மாதம் வரை காப்பாற்ற ஃப்ரிட்ஜால் முடியாது.

அரைத்து ஃப்ரீசரில் போடலாம். போடுகிறோம். வீட்டு ஃப்ரீசரில் பாலும் மீனும் போக மிஞ்சுகிற இடம் எவ்வளவு என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பாட்டிலில் அடைக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதில் ஆபத்து இருக்கிறது. தக்காளியின் புளிப்பு ரகத்துக்கு ரகம், பழுத்த நிலைக்கு நிலை மாறும். புளிப்பு குறைந்து pH அளவு 4.6க்கு மேல் போய்விட்டால் காற்றில்லாத பாட்டிலுக்குள் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமி வளர முடியும். எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ அளவோடு சேர்த்து, பாட்டிலையும் முறைப்படி கொதிநீரில் வைத்து எடுக்காமல் அடைப்பது சரியல்ல. ஓவனில் காயவைப்பதென்றால் குறைந்த சூட்டில் பல மணி நேரம் ஓட வேண்டும், இலவசமாக வரும் மின்சாரத்தில் பெரும்பங்கு அதற்கே போகும். நல்லெண்ணெயும் புளியும் உப்பும் போட்டுச் சுருள வதக்குகிற தொக்கு நன்றாக நிற்கும். ஆனால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள வீடுகளில் அத்தனை எண்ணெயையும் உப்பையும் தினமும் சேர்த்துக்கொள்ள முடியாது. பால்கனியோ, நம் கட்டடத்தில் பாதி வீடுகளுக்கு வடக்குப் பார்த்தது. பார்த்துக் கட்டியவர்கள் நாம் இல்லை.

வெயில் ஒன்றுதான் இங்கே எல்லோருக்கும் காசில்லாமல் கிடைப்பது. அது விழுகிற இடத்தைத்தான் பூட்டியிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் நான் தள்ளிவிடவில்லை. காக்கை, புறா வருகிறது என்கிறீர்கள். வலை கட்டிய தட்டுக்குள் அவை வர முடியாது. வலை இல்லாமல் யாரும் வைக்கக் கூடாது என்று விதி போடுங்கள். தரை ஓட்டில் உப்புநீர் வடிந்தால் பூச்சு கெடும் என்கிறீர்கள். நியாயம்தான். தரையில் எதுவும் பரப்பாமல், கட்டில் உயரத்துக்கு ஸ்டாண்டு போட்டு, அடியில் நீர் பிடிக்கும் தட்டு வைக்கிறோம். குழந்தைகள் ஏறுவார்கள் என்கிறீர்கள். கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருக்கும் மூலையை உயர்த்தக் கேட்டு எழுதிக் கொடுத்த கடிதம் உங்கள் கோப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறையைச் சரிசெய்யாமல் கதவைப் பூட்டுவது எளிது, தெரியும். ஆனால் தீ விபத்து என்று ஒன்று வந்தால் மேல்தளத்தில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்றும் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதில் பேச வேண்டாம் என்று ஒரு குரல் வந்ததே, அது என்னை மிகவும் புண்படுத்தியது. பராமரிப்புத் தொகையை மாதம் தவறாமல் கட்டுவதில் வாடகைக்காரர், சொந்தக்காரர் என்று நீங்கள் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் பொதுப் பகுதிகள் எவை என்று சொல்லும் பட்டியலில் மொட்டை மாடியும் இருக்கிறது. அந்த மாடியில் எனக்கும் பங்கு இருக்கிறது. அந்தப் பங்கை வைத்து, அது இல்லாத அந்த அம்மாவுக்காகவும் கேட்கிறேன்.

தக்காளிக்குப் போய் இத்தனை பெரிய கடிதமா என்று நினைப்பீர்கள். 2023 ஜூலையை மறந்துவிட்டோமா? கிலோ நூறு ரூபாயைத் தாண்டிப் போனது. அரசு பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. ஆளுக்கு ஒரு கிலோ என்று வரிசையில் நின்றோம். அதே தக்காளிக்கு வேறு மாதங்களில் பறிப்புக் கூலிகூடக் கட்டவில்லை என்று பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். செய்தியில் பார்த்து நாமும் உச்சுக்கொட்டுகிறோம். 2018 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென்றே 500 கோடி ரூபாயில், விலை ஏறி இறங்குவதைத் தடுக்க 'ஆபரேஷன் கிரீன்ஸ்' என்ற திட்டத்தை அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் கொட்டுவது நிற்கவில்லை, விலை ஏறுவதும் நிற்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு கட்டுவது நம் கையில் இல்லை. மலிவாக இருக்கும்போது வீட்டுக்கு ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக் காயவைத்துக்கொள்வது நம் கையில் இருந்தது. அந்தப் பெட்டிக்கு விளைவித்தவனுக்கும் கொஞ்சம் காசு போகும், ஆடியில் நமக்கும் குழம்புக்குப் புளிப்பு இருக்கும். இந்த நகரத்தில் வீடு கட்டுகிறவர்கள் சமையலறையில் பரண் வைப்பதை விட்டுவிட்டார்கள், முற்றம் எப்போதோ போனது, சாமான் அறை என்று ஒன்றை எந்த வரைபடத்திலும் காணோம். வாங்கி வாங்கி அன்றன்றைக்குத் தீர்க்கத்தான் இந்த வீடுகள். மிச்சம் இருந்தது மாடி ஒன்றுதான்.

கோபம் எங்கெங்கோ இழுத்துப் போகிறது, மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

காலை 8 முதல் மாலை 5 வரை கதவு திறந்திருக்கட்டும். தென்மேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்கும் சோலார் பலகைகளுக்கும் இடையூறு இல்லாத இடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். யார் எந்த வாரம் வைக்கிறார்கள் என்று காவலாளி அறையில் ஒரு நோட்டில் எழுதிவிடுகிறோம். மாலையில் இடத்தைக் கழுவிவிட்டுப் பூட்டி, சாவியைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். கையெழுத்துப் போட ஆட்கள் தயார். ஒரு மாதம் விட்டுப் பாருங்கள், புகார் வந்தால் எங்களை அழைத்துக் கேளுங்கள். யாருடைய பொருளையும் அவருக்குச் சொல்லாமல் அப்புறப்படுத்தக் கூடாது என்பதையும் அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள். மூன்றாம் தளத்து அம்மாவிடம் நேரில் போய் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் நன்றாக இருக்கும். தட்டுகளில் இரண்டு இன்னும் அவருக்குத் திரும்பி வரவில்லை.

அடுத்த பொதுக்குழு ஆனியில்தான் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் வெயில் போய்விடும், விலையும் ஏறத் தொடங்கிவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசி, மாடிக் கதவைத் திறந்து விடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பி பிளாக்கில் குடியிருக்கும், பராமரிப்புத் தொகை பாக்கி இல்லாத ஓர் உறுப்பினர்