அறிக்கையில் ஒரு காலிக் கட்டம்: குடிநீர் ஏரிகளைக் கவனிப்போருக்குத் திறந்த மடல்

ஏரிப் பொறியாளர்களுக்கும் ஆய்வகத்தாருக்கும் வணக்கம்.

நீலப்பச்சைப் பாசி படர்ந்த ஏரிகளைப் பற்றிய அறிக்கைகளில் பாஸ்பரஸ் அளவு தவறாமல் இருக்கும், பச்சையத்தின் அளவும் இருக்கும். நைட்ரஜன் இருந்தால் உண்டு. நச்சு என்ற கட்டம் பல நேரம் காலி. அந்தக் காலிக் கட்டத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டதில் தப்பில்லை. 1973இல் கனடாவில் 226ஆம் எண் ஏரியை நடுவே திரை கட்டிப் பிரித்தார்கள். இருபக்கமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று ஆனது. சரி, ஆனால் அந்தச் சோதனை சொன்னது எவ்வளவு பாசி வளரும் என்பதை. அதில் எவ்வளவு நஞ்சு இருக்கும் என்பது வேறு கேள்வி.

நீலப்பச்சைப் பாசி உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் நஞ்சையே பாருங்கள். ஒரு மூலக்கூறில் 10 நைட்ரஜன் அணுக்கள். பாஸ்பரஸ் ஒன்றுகூடக் கிடையாது. இதைச் செய்யும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற பாசிக்குக் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாது. வயலிலிருந்து வழிந்து வரும் யூரியாவும் சாக்கடையோடு வரும் அம்மோனியாவும்தான் அதற்குச் சாப்பாடு. நைட்ரஜனுக்குத் தட்டுப்பாடு வந்தால் பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கும் நஞ்சும் குறைகிறது. பாஸ்பரஸ் மட்டும் குறைந்து நைட்ரஜன் அப்படியே இருந்தால்? பாசி மெலியும், மிஞ்சிய செல்களுக்கு வெளிச்சமும் நைட்ரஜனும் தாராளமாகக் கிடைக்கும். வட அமெரிக்காவின் ஈரி (Erie) ஏரியில் இதனால் நஞ்சு கூடவும் கூடும் என்று 2022இல் ஒரு கணினி மாதிரி ஆய்வு சொன்னது. எல்லோரும் அதை ஏற்கவில்லை. எனக்கும் அது முடிந்த தீர்ப்பாகத் தோன்றவில்லை. ஆனால் அளந்து பார்க்காமல் ஒதுக்கக்கூடியதும் அல்ல.

அதற்காக நைட்ரஜனை மட்டும் குறைத்தாலும் போதாது. டோலிகோஸ்பெர்மம் போன்ற வேறு நீலப்பச்சைப் பாசிகள் நைட்ரஜனைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இரண்டையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும்.

பச்சையத்தை வைத்து நஞ்சைக் கணிக்கவும் முடியாது. மாதிரி நீரைக் கண்ணாடிப் பாட்டிலில் அசைக்காமல் ஓர் இரவு வைத்தால், காலையில் மேலே பச்சைப் பெயிண்ட் ஊற்றியதுபோல ஏடு கட்டியிருக்கும். அந்த ஏட்டுக்குள் நஞ்சுக்கான மரபணு உள்ள மைக்ரோசிஸ்டிஸும் இருக்கும், இல்லாததும் இருக்கும். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே மாதிரிதான்.

அப்புறம், மயில்துத்தம், அதாவது பாசியைக் கொல்லும் காப்பர் சல்பேட். பாசி தெரிந்ததும் அதைத் தூவும் பழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய பயம். பாசி உயிரோடிருக்கும்வரை மைக்ரோசிஸ்டின் பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே இருக்கும். உடையாத செல்களை வடிகட்டி எடுத்துவிடலாம். மயில்துத்தம் பட்டுச் செல் வெடித்தால் நஞ்சு நீரில் கரைந்துவிடும், சாதாரண மணல் வடிகட்டியில் நிற்காது. காய்ச்சினாலும் போகாது. 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோவில் ஏறக்குறைய 4 லட்சம் பேரிடம் குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொன்னது அதனால்தான்.

எனவே அடுத்த அறிக்கையில் பாஸ்பரஸுக்குப் பக்கத்தில் நைட்ரேட், அம்மோனியா, மொத்த நைட்ரஜன் மூன்றையும் போடுங்கள். பாசி படர்ந்திருக்கும் வாரங்களில் மைக்ரோசிஸ்டினையும் அளந்து, வாழ்நாள் முழுக்கக் குடிக்கும் நீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1 மைக்ரோகிராமோடு ஒப்பிட்டு எழுதுங்கள். அந்த எண் கைக்கு வரும்வரை மயில்துத்த மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
அந்த நீரைக் குடிப்பவர்களில் ஒருவர்