பச்சை டிக்கை நம்பி இழந்த கோப்புகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலேயே கணினி வைத்துத் தமிழ் டி.டி.பி. வேலை செய்து வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, சீர் அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி, கோயில் நோட்டீஸ், தமிழ் வழிப் பள்ளிகளின் வினாத்தாள் என்று எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழில் அச்சாக வேண்டிய பலதும் என் மேஜைக்கு வரும். பெண் வீடு தமிழ், மாப்பிள்ளை வீடு மலையாளம் என்றால் ஒரே பத்திரிகையில் இரண்டு மொழியும் அடித்துக் கொடுப்பேன்.

போன வாரம் கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கம் இருக்கும் சித்தப்பா போன் செய்தார். பேத்தியின் படிப்புக்காகப் பழைய கணினி ஒன்று வாங்குகிறாராம். "எந்த ஆன்டிவைரஸ் போடச் சொல்லட்டும் கண்ணு? கடைக்காரர் தனியா ஆயிரத்து ஐநூறு கேக்கறாரு" என்றார். மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி இது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இருக்கும் என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

2021 ஆவணி. முகூர்த்த மாதம், கை ஓயாத வேலை. பி.டி.எஃப். செய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டு டவுனில் ஒரு கடையில் கணினியைக் கொடுத்தேன். "இதையெல்லாம் எதுக்குங்க அக்கா காசு குடுத்து வாங்கறீங்க, கிராக் போட்டுத் தர்றேன்" என்றார் அங்கிருந்த தம்பி. காசு கட்டாமல் மென்பொருளின் பூட்டை உடைத்து ஓட்டும் திருட்டு வழிக்குத்தான் கிராக் என்று பெயர். நானும் சரியென்றேன். 300 ரூபாய் வாங்கிக்கொண்டு, "டிஃபெண்டர் இருந்தா இது ஏறாதுங்க. அதுக்கு வழி பண்ணி வெச்சிருக்கேன். நின்னு போச்சுன்னா நெட்ல இதே பேருல தேடி இறக்கி மறுபடி ஓட்டிக்குங்க" என்று சொல்லி அனுப்பினார். டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸ். அதற்கு என்ன வழி பண்ணினார் என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் அந்த மென்பொருள் நின்றுவிட்டது. அவர் சொன்னபடியே தேடி, இறக்கி, ஓட்டினேன். டிஃபெண்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. விண்டோஸ் அப்டேட் போலவே ஒரு பெட்டி வந்து சதவீதம் ஏறத் தொடங்கியது. முடியட்டும் என்று அடுப்படிக்குப் போய்க் குழம்பைத் தாளித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டியிருக்கிறது. நான் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் சின்னங்கள் மறைந்து எல்லாம் வெள்ளைத் தாளாக நிற்கின்றன. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஓர் ஆங்கிலக் குறிப்பு: கோப்புகளைத் திறக்கும் சாவிக்கு 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலை, 490 டாலர். அன்றைய கணக்கில் சுமார் 36 ஆயிரம் ரூபாய். பத்து வருடத்து வேலை உள்ளே மாட்டிக்கொண்டது.

மறுநாள் காலை கோயம்புத்தூர் அச்சகத்துக்குப் போக வேண்டிய பத்திரிகை ஒன்றும் அதில் இருந்தது. தாய்மாமன்களின் பெயர் வரிசையை மூன்று முறை மாற்றச் சொன்ன வீடு. சிவப்பு மையில் திருத்தம் போட்ட புரூஃப் தாள் குப்பைக்குப் போகாமல் கிடந்ததால் அதை வைத்து, மாமா மகனின் லேப்டாப்பில் விடிய விடிய மறுபடி அடித்துக் கொடுத்தேன். மற்றவற்றில் மெயிலில் அனுப்பியிருந்தவை மட்டும் பிழைத்தன.

அந்த மாமா மகன் கோயம்புத்தூரில் கணினி வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை வந்து என் கணினியில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்தார். எல்லாம் சரி என்று காட்டும் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. அதற்குள் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று ஒரு பட்டியல். இதில் எழுதிய இடங்களை டிஃபெண்டர் சோதிக்காது. சி டிரைவ், டி டிரைவ் இரண்டையும் மொத்தமாக அதில் எழுதி வைத்திருந்தார் கடைத் தம்பி. காவல்காரரை வாசலில் நிற்க வைத்துவிட்டு, இந்த வீட்டை மட்டும் பார்க்காதே என்று சொன்னதுபோல. வந்தது 'ஸ்டாப்' என்ற குடும்பத்து ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் நிரல். கிராக் தேடுகிறவர்களைக் குறிவைத்தே அது பரவியது. நெதர்லாந்து போலீசும் ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசத் திறப்புக் கருவிகள் உண்டு. அவற்றையும் போட்டுப் பார்த்தோம். எனக்கு விழுந்த பூட்டின் சாவி திருடர்களின் சர்வரில் மட்டுமே இருந்ததால் பலிக்கவில்லை. இந்தக் குடும்பத்தோடு பாஸ்வேர்டு திருடும் நிரல்களும் சேர்ந்து வருவதுண்டு என்று அவர் சொன்னதால், பேங்க், மெயில் பாஸ்வேர்டு அத்தனையையும் போனிலிருந்து மாற்றினேன். பணம் கட்டவில்லை.

அதன்பிறகுதான் ஆன்டிவைரஸ் விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். கடைக்காரர் சொல்வதையும் விளம்பரத்தையும் விட்டுவிட்டு, இவற்றைப் பரிசோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆய்வகங்களைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ். ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, கணினியின் வேகம், பயன்பாடு என்று தலா 6 புள்ளி, மொத்தம் 18 போடுகிறது. விண்டோஸோடு இலவசமாக வரும் டிஃபெண்டர் சில ஆண்டுகளாக அங்கே காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்குச் சமமாக நிற்கிறது. அசல் விண்டோஸ், அப்டேட் தவறாமல், கிராக் இல்லாமல் இருக்கும் வீட்டுக்கு அதுவே போதும் என்பது என் முடிவு.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இணையத் தொடர்பு இல்லாதபோது டிஃபெண்டரின் பிடிக்கும் திறன் குறைவதை ஏவி-கம்பேரட்டிவ்ஸ் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மழை பிடித்தால் இரண்டு நாள் நெட் வராத ஊர், தினமும் பத்துப் பேர் பென் டிரைவ் கொண்டுவந்து செருகும் வீடு என்றால் காசு கொடுத்து ஒன்று வாங்குவதில் நியாயம் இருக்கிறது. சென்னையில் 1991இல் தொடங்கிய கே7, புனேயின் குயிக் ஹீல் என்று நம் நாட்டு நிறுவனங்களும் உண்டு. எதை எடுத்தாலும் முதல் வருட விலையோடு நிற்காமல் புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள். இரண்டு ஆன்டிவைரஸை ஒன்றாகப் போட வேண்டாம், ஒன்றோடு ஒன்று மோதும்.

தமிழ் அடிப்பவர்கள் 'ஃபால்ஸ் பாசிட்டிவ்' எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். நல்ல கோப்பைக் கெட்டதென்று பிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர். நான் சோதித்துப் பார்த்த ஒரு ஆன்டிவைரஸ், வருடக்கணக்காகப் பயன்படுத்தும் என் தமிழ் விசைப்பலகை மென்பொருளைத் தூக்கிச் சிறையில் போட்டது. தட்டும் விசையை இடைமறித்துத் தமிழ் எழுத்தாக மாற்றுவதால் உளவு நிரல் என்று நினைத்துக்கொள்கிறது. அப்போது ஆன்டிவைரஸையே அணைத்துவிடாதீர்கள். அந்தக் கோப்பை வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றினால் பல நிறுவனங்களின் ஆன்டிவைரஸ் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். நல்லதென்று தெரிந்தால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இலவசம் என்று வருவதிலும் எச்சரிக்கை வேண்டும். அவாஸ்ட் நிறுவனம் பயனாளர்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போனார்கள் என்ற விவரத்தைத் துணை நிறுவனம் வழியாக விற்றதற்காக, 2024 பிப்ரவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. நம்மைக் காக்க வந்ததே நம்மை விற்றால் யாரிடம் போவது?

சித்தப்பாவுக்குக் கடைக்காரர் காட்டிய கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. ஓட்டை விழுந்த விண்டோஸை ஆன்டிவைரஸ் அடைக்காது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது வயநாட்டில் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும், எங்கள் பாலக்காட்டில் ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் மாட்டின. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. என் மகளின் பள்ளியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடுகிறது. கேரள அரசுப் பள்ளிகளில் பல வருடமாக அதுதான். அங்கே யாரும் கிராக் தேடி அலைய வேண்டியதில்லை. பேஜ்மேக்கரை விட முடியாததால் நான் விண்டோஸில் இருக்கிறேன்.

கணினி கடைக்குப் போய்வந்தால் நான் முதலில் எக்ஸ்குளூஷன் பட்டியலைத் திறந்து பார்க்கிறேன். பிறகு 'ஐகார்' என்ற சோதனைக் கோப்பைச் சேமிக்கிறேன். வெறும் 68 எழுத்துக் கொண்ட, தீங்கில்லாத கோப்பு. விழித்திருக்கும் எந்த ஆன்டிவைரஸும் உடனே பிடித்துவிடும். வேலைக் கோப்புகளை வெள்ளிக்கிழமைதோறும் வெளி ஹார்ட் டிஸ்கில் எடுத்து, கழற்றிப் பீரோவில் வைக்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஆய்வகங்களின் முடிவுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது எளிய தமிழில் தங்கள் நாளிதழில் வெளியிட வேண்டும். கடைக்காரர்களும் என்ன மென்பொருள் போட்டோம், அசலா, எதை அணைத்தோம் என்று பில்லில் எழுதிக் கொடுக்கும் வழக்கம் வர வேண்டும். 300 ரூபாய் வேலைக்கு அப்படி ஒரு வரி இருந்திருந்தால் நான் அன்றே கேட்டிருப்பேன்.

சித்தப்பாவிடம் விண்டோஸ் 11 ஓடும் கணினியாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆயிரத்து ஐநூறோடு கொஞ்சம் சேர்த்து ஹார்ட் டிஸ்க் வாங்கலாம் என்றும் சொன்னேன். கணினி வீட்டுக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய் நானே பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
டி.டி.பி. தொழில் செய்யும் வாசகி,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.