வெற்றிலை விற்கும் கிழவியாக நடிக்கப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

புதிய நாடகத்தில் சந்தையில் வெற்றிலை விற்கும் கிழவியாக வரப்போவதாகவும், அவளுக்கென்று கூன், நடுங்கும் விரல்கள், அடிக்கடி இடுப்பைப் பிடித்துக்கொள்வது, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது ஆகிய மேனரிசங்களைத் தேர்ந்து பழகிவருவதாகவும் எழுதியிருந்தாய். முதல் மூன்றையும் விட்டுவிடு. அவை முதுமையைக் காட்டுகின்றனவே தவிர, இந்தக் கிழவியைக் காட்டவில்லை. கண்ணைச் சுருக்குவதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதுவும் வாங்கிய சில்லறையைச் சரிபார்க்கும்போது மட்டும்.

பாத்திரத்தின் உடலசைவு அதன் பிழைப்பிலிருந்து பிறக்க வேண்டும் என்பதற்கு, 1949 ஜனவரியில் பெர்லினில் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ட்டின் 'மதர் கரேஜ்' நாடகத்தில் நடிகை ஹெலேனே வைகல் செய்ததைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த முப்பதாண்டுப் போரில் படைகளின் பின்னே வண்டியோடு அலைந்து சரக்கு விற்கும் தாய்தான் அவர் ஏற்ற பாத்திரம். முதற்காட்சியில் ஒருவன் இடுப்புவார்க் கொக்கி ஒன்றை விலைபேசி அவள் கவனத்தைத் திருப்ப, அந்த நேரத்தில் அவளுடைய மூத்த மகனைப் படைக்கு ஆள்பிடிப்பவன் அழைத்துச் சென்றுவிடுகிறான். வைகலோ கைக்கு வந்த காசு நல்லதுதானா என்று பல்லால் கடித்துப் பார்த்தார். இறுதிக் காட்சியில், கொல்லப்பட்ட மகளைப் புதைப்பதற்காகக் குடியானவர்களுக்குக் கொடுக்கத் தோல்பையிலிருந்து காசுகளை எடுத்தவர், அவற்றில் ஒன்றை மீண்டும் பைக்குள் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்தார். எந்த வசனமும் சொல்லாத ஒன்றை அந்த ஒற்றைக் காசு சொல்லிவிடுகிறது. தொடக்கத்திலிருந்தே காசோடு பழகிய கை அது என்று பார்வையாளருக்குத் தெரிந்திருப்பதால்தான் அங்கே நெஞ்சு அடைக்கிறது.

அதே நாடகத்தில், இளைய மகனைச் சுட்ட வெடியோசை கேட்டதும் தலை பின்னே சாய, வாய் அகலத் திறந்து, ஒலியே எழாமல் அவர் அலறியது இன்றும் பேசப்படுகிறது. சிங்கப்பூர்க் குண்டுவீச்சில் இறந்த மகனின் உடலருகே குந்தியிருந்த இந்தியப் பெண் ஒருத்தியின் பத்திரிகைப் புகைப்படத்திலிருந்து அது வந்திருக்கலாம் என்றும், கேட்டபோது வைகலுக்கு அந்தப் படம் நினைவில் இல்லை என்றும் பிரெக்ட் குறித்திருக்கிறார். கண்ணாடி முன் நின்று தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே நீ சந்தைக்குப் போ. ஆனால் நடிக்க ஏதாவது கிடைக்குமா என்று வெறித்துப் பார்க்காதே, வெற்றிலை வாங்கு. ஒரு கவுளி வெற்றிலையை எண்ணும்போது கட்டைவிரல் இலைகளைத் தள்ளும் வேகம், பேச்சு நிற்காமலே கை எண்ணிக்கொண்டிருப்பது, ஈரத்துணியைத் தூக்கித் தண்ணீர் தெளித்து மறுபடி மூடுவது, சுருக்குப் பையை இடுப்பிலிருந்து உருவி, வேண்டியதை எடுத்ததும் கயிற்றை இழுத்துச் செருகிக்கொள்வது ஆகியவற்றில் இரண்டு போதும். (முதுகு எப்படி வளைய வேண்டும் என்பதை நாள் முழுதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் உடம்பே சொல்லிவிடும்.) முதல் ஒத்திகையிலிருந்தே உண்மையான பையும் உள்ளே உண்மையான சில்லறையும் இருக்கட்டும், வெறும் பையைத் தொடும் கை பொய் சொல்லும்.

பேரன் பணம் கேட்கும் காட்சி வரை அந்தக் கயிற்றை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இழுத்து மூடு. அந்தக் காட்சியில் மட்டும் மூட மறந்துவிடு. அழவோ குரலைத் தழைக்கவோ வேண்டாம். இடுப்பருகே நடக்கும் இவ்வளவு சிறிய செயல் கடைசி வரிசைக்குத் தெரியாது என்பதால், பை செருகியிருக்கும் பக்கம் பார்வையாளரை நோக்கி இருக்கும்படி உட்காரும் இடத்தை மாற்றித் தரச்சொல்லி இயக்குநரிடம் இப்போதே கேட்டுவிடு.

அன்புடன்,
அண்ணன்